அவள் இன்னும் முடிக்கவில்லை

சுபாஷிணிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அன்று தலைமையாசிரியர் அறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள்ளேயே இரண்டு காதும் சூடாகிவிட்டன.

மேஜை மேல் மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கை கிடந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் எல்லாப் பள்ளிகளும் மாணவர்களுக்கு மூளையைப் பற்றியும் உடற்குறைகளைப் பற்றியும் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்த வேண்டும், நடத்தியதற்குப் புகைப்படம் அனுப்ப வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. தலைமையாசிரியர் பாலசுப்ரமணியம் சார் அந்தக் காகிதம் முழுவதிலும் ஒரே ஒரு சொல்லைத்தான் பச்சை மையால் அடிக்கோடு போட்டிருந்தார். புகைப்படம்.

"கண்ணைக் கட்டிண்டு ஒரு ஓட்டப் பந்தயம் வெச்சுடலாம். வீல்சேர் ரேஸ் ஒண்ணு. அப்புறம் உங்க ஸ்பீச். சீஃப் கெஸ்ட் வைத்தியநாதன் சார், ரிடையர்டு ஜாயின்ட் செக்ரட்டரி, வரேன்னுட்டார்" என்றார்.

"கண்ணைக் கட்டிக்கிட்டு ஓடினா பசங்க முட்டிக்கிட்டு விழுவாங்க சார். பார்க்கிறவங்க சிரிப்பாங்க. அதுல என்ன கத்துக்கப் போறாங்க?"

"சிரிச்சா போட்டோ நன்னா வரும்."

சுபாஷிணி டெல்லியில் இருந்த அந்தத் தமிழ்ப் பள்ளியின் சிறப்புக் கல்வி ஆசிரியை. 'சிறப்பு' என்பது பதவியின் பெயரில் இருந்ததோடு சரி. யாராவது லீவு போட்டால் அந்த வகுப்பைக் கட்டி மேய்ப்பது, மதியச் சாப்பாட்டு வரிசையில் அடிதடி வராமல் பார்த்துக்கொள்வது, இவைதான் அன்றாட வேலை. ஒப்பந்தத்தில் இருப்பவள். ஒவ்வொரு மார்ச் மாதமும் இதே மேஜைக்கு எதிரில் நின்று, அடுத்த வருடமும் நான் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அறை ஓரத்தில் பிரபா உட்கார்ந்திருந்தாள். விழாவன்று அவளுக்குத் 'தன்னம்பிக்கைச் செல்வி' என்று ஒரு பட்டம் கொடுப்பதாகத் திட்டம். பட்டத்தோடு போடும் பட்டுப் பட்டை தோளுக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவளை வகுப்பிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். ஆறாம் வகுப்புக்காரி. பிறக்கும்போது மூச்சுத் திணறியதில் மூளையில் ஓர் இடம் அடிபட்டுவிட்டது. காலும் நாக்கும் சொன்ன பேச்சை உடனே கேட்காது. வாக்கரைத் தள்ளிக்கொண்டு நடப்பாள். ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் மற்றப் பிள்ளைகள் ஒரு கதையே சொல்லிவிடுவார்கள். மற்றபடி கணக்கில் சுமார், சமூக அறிவியலில் கெட்டி, வம்பு கேட்பதில் வகுப்பிலேயே முதலிடம்.

"இன்னொண்ணு" என்றார் சார். "ஏப்ரல்லே இவ ஏழாம் கிளாஸ். ஏழாம் கிளாஸ் மாடியிலே. லிஃப்ட் கிடையாது. பேசாம ஆத்துலேயே இருந்து படிக்கற ஓபன் ஸ்கூல்லே சேர்ந்துக்கட்டும், அதுதான் அவளுக்கும் சௌக்கியம். சொந்த விருப்பத்தின் பேரிலே டி.சி. கேக்கறதா அவ அம்மா ஒரு கையெழுத்து போட்டாப் போறும். டைப் பண்ணி வெச்சுட்டேன். ஃபங்ஷனுக்கு வருவா இல்லியா, நீங்க நைஸாப் பேசி வாங்கிடுங்கோ. உங்ககிட்டேதான் அவாள்லாம் நன்னாப் பேசறா."

"ஸ்டாஃப் ரூம் கீழதானே சார் இருக்கு? அதை மாடிக்குக் கொண்டுபோயிட்டு ஏழாம் கிளாஸைக் கீழ வெச்சா என்ன?"

"என்ன பேசறேள்? லீலாவதி மேடத்துக்கு முழங்கால் வலி. படியேற முடியுமா அவரால?"

முடியாதுதான். படியேற முடியாத ஆசிரியைக்காக ஓர் அறையே கீழே இறங்கி வந்துவிட்டது. படியேற முடியாத மாணவி வீட்டுக்குப் போக வேண்டும். இந்த நியாயத்தை நினைக்க நினைக்க சுபாஷிணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், பிரபா இங்கேயேதான் உக்காந்திருக்கா."

அவர் திரும்பிப் பிரபாவைப் பார்த்து அன்பாகச் சிரித்தார். மேஜை டிராயரைத் திறந்து ஒரு மிட்டாயை எடுத்து அவள் மடியில் வைத்தார். பிறகு குரலைக் கொஞ்சம்கூடத் தாழ்த்தாமல், "அவளுக்கு என்ன புரியப்போறது? மூளை முடக்குவாதம்னு சர்டிபிகேட்லயே போட்டிருக்கே" என்றார்.

அவர் நீட்டிய டி.சி. காகிதத்தை அவர் மூஞ்சியிலேயே விட்டெறிந்துவிட்டு வந்திருக்க வேண்டும். சுபாஷிணி அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். மார்ச் மாதம் கண்முன் வந்து நின்றது. வெளியே வந்தபோது தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் கிட்வாய் நகர் காய்கறி வண்டியில் ஒரு பெரிய காலிஃபிளவராகப் பார்த்து வாங்கிக்கொண்டு ஆறாம் வகுப்புக்குப் போனாள். விழா எப்படியும் கூத்தாகத்தான் முடியப்போகிறது. வகுப்பிலாவது உருப்படியாக ஏதாவது சொல்லித் தருவோம் என்று ஒரு வைராக்கியம்.

"இது என்ன?"

"கோபி!" என்றது வகுப்பு ஒரே குரலில், இந்தியில்.

"இன்னைக்கு இது மூளை."

"மூலை" என்று எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். டெல்லியில் பிறந்த பிள்ளைகளுக்கு 'ள' நாக்கில் ஏறாது. சுபாஷிணி கரும்பலகையில் 'மூளை முடக்குவாதம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். முன் வரிசை ஜ்யோத்ஸ்னா அதைப் பார்த்து நோட்டில் 'மூலை முடக்குவாதம்' என்று எழுதிக்கொண்டாள். திருத்தப் போன சுபாஷிணி ஒரு கணம் தயங்கினாள். ஒரு பெண்ணை மூலையில் முடக்கிப்போடுகிற வாதம் என்றால், அந்த வியாதி தலைமையாசிரியர் அறையில் இருக்கிறது. பிறகு கடமைக்குத் திருத்தினாள்.

காலிஃபிளவரின் ஒவ்வொரு பூவாகத் தொட்டுக் காட்டினாள். இது பார்ப்பதற்கு, இது கேட்பதற்கு, இது கைகாலை ஆட்டுவதற்கு, இது யோசிப்பதற்கு. பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேர் ஜன்னல் வழியாக மைதானத்தில் சக்கர நாற்காலி ஒத்திகை நடப்பதை வேடிக்கை பார்த்தார்கள். கடைசி வரிசையில் ஒருவன் உதிர்ந்த பூ ஒன்றை எடுத்துத் தின்றுகொண்டிருந்தான்.

"என்னடா பண்றீங்க? உங்களுக்கெல்லாம் மூளை இருக்கா இல்லையா?" என்று கத்திவிட்டாள்.

அபினவ் எழுந்து நின்றான். "இருக்கு மேம். இப்பதானே நீங்க எல்லாருக்கும் இருக்குன்னு சொன்னீங்க."

முதலில் சிரித்தது பிரபா. அவள் சிரிப்பு உடம்பு முழுவதையும் குலுக்கிக்கொண்டு வரும். வாக்கர் கடகடவென்று ஆடியது. சுபாஷிணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வெட்கமும் வந்தது. பாடம் நடத்துகிறவளே இப்படித் திட்டினால் சாரை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

அதற்குப் பிறகு பாடம் கொஞ்சம் தடம் ஏறியது.

"எய்ம்ஸ் பக்கம் வி.ஐ.பி. போறாங்கன்னு ரோட்டை அடைச்சுட்டா ஆட்டோக்காரர் என்ன பண்ணுவார்?"

"காலனி உள்ளே புகுந்து சுத்திக்கிட்டு வருவார் மேம்."

"லேட்டாகுமா?"

"பஹுத் லேட்டாகும்."

"லேட்டா வந்தா, ஆட்டோ உள்ளே ஆளே இல்லைன்னு அர்த்தமா?"

பிள்ளைகள் யோசித்தார்கள். ஒருவர் பின் ஒருவராகப் பிரபா பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பிரபா, ஆமாம் நான்தான் என்பது போல் கையைத் தூக்கிக் காட்டினாள். "அதனால" என்றாள் சுபாஷிணி, "இன்னையிலிருந்து இந்த கிளாஸ்ல ஒரே ஒரு ரூல். பிரபா பேசினா வெயிட் பண்ணணும். அவளுக்காக நீங்க முடிச்சுக் கொடுக்கக் கூடாது. அவளே முடிக்கணும். யாரா இருந்தாலும் சரி."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சுற்றறிக்கையில் இருந்த இன்னொரு சொல்லையும் முடித்துவிடுவோம் என்று 'மாற்றுத்திறனாளி' என்று எழுதி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள்.

மறுபடியும் அபினவ்தான். அவன் அப்பா மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். போன வருடம்தான் குவாஹாத்திக்கு மாற்றல் உத்தரவு வந்து, வீடே அல்லோலகல்லோலப்பட்டு, எப்படியோ தடுத்து நிறுத்தினார்கள்.

"மாற்றல்னா ட்ரான்ஸ்ஃபர் மேம். திறனாளின்னா டேலன்ட் உள்ளவங்க. சோ, நல்லா ட்ரான்ஸ்ஃபர் ஆகிப் போறவங்க."

பாதி வகுப்பு தலையாட்டியது. அரசாங்கக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறு எந்த மாற்று தெரியும்? "ஆமா மேம், ஸ்கூலை விட்டுப் போறப்ப குடுக்கற டி.சி.க்குக்கூடத் தமிழ்ல மாற்றுச் சான்றிதழ்தானே?" என்றாள் ஜ்யோத்ஸ்னா. சுபாஷிணி சிரித்துக்கொண்டே அழிப்பானை எடுத்தாள். அப்போது பிரபா வாயைத் திறந்தாள்.

ஒரு நிமிடம் முன்னால்தான் போட்ட விதி. வகுப்பு அசையாமல் காத்திருந்தது.

"என... க்கும்..." என்றாள் பிரபா. கழுத்து நரம்பு புடைத்தது. "மா... த்தல்."

பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுபாஷிணிக்கு விளங்கியது. மணி அடித்து எல்லோரும் ஓடிய பிறகு பிரபா மட்டும் இருந்தாள். சாரின் மிட்டாய் பிரிக்கப்படாமல் அவள் டெஸ்க் மேல் இருந்தது.

"நீ... ங்க... கையெ... ழுத்து... வாங்கு... வீங்களா?"

"பார்க்கலாம்டி" என்றாள் சுபாஷிணி.

பிரபா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கலாம் என்று பெரியவர்கள் சொன்னால் என்ன அர்த்தம் என்று பிரபாவுக்குத் தெரியாதா என்ன?

விழா நாளன்று வெயில் நன்றாகவே அடித்தது. மற்ற எதுவும் நன்றாக இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடியவர்கள் மோதிக்கொண்டார்கள், ஒருவன் நேராகத் தண்ணீர்ப் பானை மேல் போய் விழுந்தான், மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. சக்கர நாற்காலி ரேஸில் ஜெயித்தவன் எழுந்து நின்று துள்ளிக் குதித்தான். புகைப்படக்காரர் ஓடி ஓடி எடுத்தார். சுபாஷிணி மேடை ஓரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஆறாம் வகுப்பு மட்டும் முன் வரிசையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

பிரபாவின் அம்மா செல்லம்மாள் கடைசியில் வந்தாள். கிட்வாய் நகரில் நாலு வீட்டில் வேலை செய்கிறவள். பாத்திரம் தேய்த்த ஈரம் காயாத முந்தானையோடு, மகளுக்குப் பட்டம் கொடுக்கிறார்கள் என்று முகமெல்லாம் பல்லாக வந்தாள். வாசலிலேயே பியூன் அப்பாவு அவளிடம், சுபாஷிணி மேடத்தைப் பார்த்து ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்று சார் சொன்னதாகச் சொல்லி, பேனாவும் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்.

"எங்க டீச்சர் போடணும்? பேரு எழுத வரும் எனக்கு, படிக்கத்தான் வராது."

சுபாஷிணி பையிலிருந்து காகிதத்தை எடுத்தாள். மடிப்புகளைப் பிரித்தாள். காது கொதித்தது.

"இது இன்னா டீச்சர்? பிரைஸுக்கா?"

"இல்லம்மா. இது வந்து... பிரபாவுக்கு அடுத்த வருஷம்... ஏழாம் கிளாஸ் மாடியில இருக்கு, அதனால..."

"அதனால?"

அதனால உங்க மகளை வெளியே அனுப்பப் போறாங்க, போடாதீங்க என்று சொன்னால் முடிந்தது. அது ஒரே ஒரு வாக்கியம்தான். சார் மேடையிலிருந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. ஊருக்கெல்லாம் மூளையைப் பற்றிப் பாடம் எடுத்தாயே, உன் நாக்குக்கு என்ன வந்தது என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் டீச்சர் இருக்கும்" என்றாள் செல்லம்மாள். "அவள இம்மாந்தூரம் இஸ்துக்கினு வந்தவங்க நீங்க." பக்கத்திலிருந்த நாற்காலி மேல் காகிதத்தை விரித்து, பேனா மூடியைக் கழற்றினாள்.

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் பிரபாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். செல்லம்மாள் பேனாவைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்தாள்.

மேடைக்கு மூன்று படி. விழிப்புணர்வு விழாவுக்குப் போட்ட மேடையில் ஒரு சரிவுப் பலகை வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்பாவு வந்து பிரபாவை மூட்டை மாதிரி அலேக்காகத் தூக்கி மேலே வைத்தார். தன்னைத் தூக்கினால் பிரபாவுக்குப் பிடிக்காது. முகம் கடுகடுவென்று ஆனது. வாக்கர் பின்னால் வந்தது. வைத்தியநாதன் சார் எழுந்து வந்து பட்டுப் பட்டையை அவள் தோளில் போட்டார். கைதட்டல். புகைப்படம்.

"பிரபா எல்லாருக்கும் நன்றி சொல்லுவா" என்று பாலசுப்ரமணியம் சார் மைக்கை அவள் வாயருகே பிடித்தார்.

பிரபா மூச்சை இழுத்தாள். "அ..."

மைக்கில் அவள் மூச்சு மட்டும் புஸ்ஸென்று கேட்டது. சார் கொஞ்சம் பொறுத்தார். ரொம்பக் கொஞ்சம்தான்.

"அனைவருக்கும் நன்றின்னு சொல்றா!" என்று மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எல்லோரும் தட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"சார், அவ இன்னும் முடிக்கல."

முன் வரிசையில் அபினவ் எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

"உக்காருடா" என்றார் சார், சிரித்த முகம் மாறாமல்.

"வெயிட் பண்ணணும் சார், அதான் ரூல்" என்று ஜ்யோத்ஸ்னாவும் எழுந்தாள். "யாரா இருந்தாலும் சரின்னு மேம் சொல்லியிருக்காங்க." அவ்வளவுதான், மொத்த வகுப்பும் பிடித்துக்கொண்டது. "வெயிட் பண்ணுங்க சார்! வெயிட் பண்ணுங்க சார்!"

சார் சுபாஷிணியைப் பார்த்த பார்வையில் மார்ச் மாதம் முழுவதும் இருந்தது. சுபாஷிணி பார்வையைத் திருப்பவில்லை. அது ஒன்றுதான் அவளால் அப்போது முடிந்தது.

"கொழந்தைகள் சொல்றது சரிதானே" என்றார் வைத்தியநாதன் சார். "அவ பேசட்டும், என்ன அவசரம்?" மைக்கைத் தானே வாங்கிப் பிரபாவின் முன்னால் பிடித்தார்.

மைதானம் காத்திருக்கப் பழகாத மைதானம். முதலில் யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை அழுதது. புகைப்படக்காரர் காமிராவை இறக்கினார். ஆறாம் வகுப்பு மட்டும், இதெல்லாம் எங்களுக்குப் பழக்கம் என்பது போல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது. பிரபா கூட்டத்தைப் பார்க்கவில்லை, சிறப்பு விருந்தினரைப் பார்க்கவில்லை. மைதானத்தின் ஓரத்தில் பேனாவோடு நின்ற தன் அம்மாவைப் பார்த்தாள்.

"அம்... மா" என்றாள்.

செல்லம்மாள், "இன்னாடி?" என்றாள் அங்கிருந்தே.

"கை... யெ... ழுத்து..."

வாக்கரைப் பிடித்திருந்த கை நடுங்கியது. தலை ஒரு பக்கம் இழுத்தது. உதட்டோரத்தில் எச்சில் வழிந்தது. துடைக்க ஓடிய அப்பாவுவை அவள் முழங்கையால் தள்ளினாள். சுபாஷிணிக்கு அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது. தானே கத்தி முடித்துவிடலாம் போலத் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். அவள் போட்ட விதி அவளுக்கும்தான்.

"போ... டா... த."

மூன்று துண்டாக வந்தாலும் சொல் முழுசாக வந்தது. ஒலிபெருக்கி அதை வாசல் கேட்டுக்கு வெளியே சமோசா வண்டி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

செல்லம்மாள் மகளைப் பார்த்தாள். நாற்காலி மேல் கிடந்த காகிதத்தைப் பார்த்தாள். சுபாஷிணியைப் பார்த்தாள். "போடக் கூடாதா டீச்சர்?" என்று கேட்டாள்.

"போடாதீங்கம்மா" என்றாள் சுபாஷிணி. இப்போது சுலபமாக வந்தது. அதுதான் அவமானமாக இருந்தது. "போட்டா அவளை ஸ்கூலை விட்டு அனுப்பிடுவாங்க."

செல்லம்மாள் பேனாவை மூடி, சுபாஷிணியின் கையில் வைத்தாள். முகத்தில் இருந்த சிரிப்பெல்லாம் போயிருந்தது. சுபாஷிணியைத் தாண்டிக்கொண்டு மேடையை நோக்கி நடந்தாள்.

மேடையில் வைத்தியநாதன் சார் பக்கவாட்டில் திரும்பினார். கையில் மைக் இருப்பதை அவர் மறந்துவிட்டார். "என்ன கையெழுத்து, பாலு?"

"அது வந்து சார்..." என்றார் தலைமையாசிரியர்.

"சொல்லுங்கோ."

"அது... அந்த... கொழந்தையோட நன்மைக்காக... ஒரு..."

நெற்றியில் வியர்வை அரும்பியது. அவர் சுபாஷிணியைத் தேடினார். சுபாஷிணி மூடிய பேனாவோடு நின்றாள். அப்பாவுவைப் பார்த்தார். அப்பாவு வாக்கரைப் பார்த்தார். கடைசியில், வேறு போக்கிடம் இல்லாமல், முன் வரிசையைப் பார்த்தார்.

ஆறாம் வகுப்பு கையைக் கட்டிக்கொண்டு, மிகுந்த பொறுமையோடு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் அவருக்காக வாக்கியத்தை முடித்துக் கொடுக்கவில்லை.